வாய் தந்த விடை

இகோம்பேக் கரையில் அன்று விடியற்காலை ஓர் ஆண்மகன் உயிரின் விலை ஒரு தகரம் எரிநெய். கீழ்வானம் ஆறிய அடுப்பின் சாம்பலென வெளுத்துக் கிடக்க, கடலோ என ஐயுறத்தக்க நியான்சா ஏரி இரவெல்லாம் சுழன்ற காற்றால் கரைமணல் கலங்கி, யானைக் கூட்டம் படுத்தாற்போன்ற கரும்பாறைகளின்மேல் நுரை உமிழ்ந்து மீண்டுகொண்டிருந்தது. விளக்கேற்றித் தாகா என்னும் பொடிமீன் பிடிக்கச் சென்ற ஓடங்கள், அடிபட்ட நாய்கள் வீடு திரும்புவதுபோல் ஒன்றன்பின் ஒன்றாய்க் கரையேறின. துணையாள் காய்ச்சலில் கிடக்கத் தனியே துடுப்பெடுத்துப் போன கௌதென்சின் ஓடம் மட்டும் வந்திலது.

அவன் மனைவி தொமித்தில்லா, கண்ணைத் தண்ணீரிலும் காலை மணலிலும் ஊன்றி நின்றாள். அந்த அலைகளைக் கிழித்துச் சென்று தேடவல்ல பொறிப்படகு கரையில் ஒன்றே இருந்தது, அதுவோ சுபெசியோசாவினுடையது.

இருவரும் தாகாவை உலர்த்திக் கூடைக்கணக்கில் விற்பவர்; இருவர்க்கும் ஈராண்டுப் பகை. புனித மோனிக்கா அன்பியம் என்னும் அண்டைவீட்டார் செபக்கூட்டத்தில் செபமாலை முடிந்து தேநீர் வருமுன், "தொமித்தில்லா மீன வாங்குறவங்க வீடே கட்டிக்கலாம், அம்புட்டு மணல்!" என்று சுபெசியோசா சொன்ன ஒரு சொல்லே அதன் வித்து. அந்நாட்டில் ஒரு கத்தோலிக்கர் மற்றவரைக் கண்டால் "இயேசு கிறித்துவைப் போற்றுவோம்" என்பார். கேட்டவர் "என்றென்றும், ஆமென்" என்றாக வேண்டும். விடை மறுப்பவர் மறுப்பது ஆளை அன்று, ஆண்டவரை. ஆதலின் எதிர்ப்பட்டபோதெல்லாம் ஒருத்தி தெருவின் மறுபுறம் மாறுவாள். மற்றவள் திடீரென முகிலை ஆராய்வாள். பகைக்கும் ஓர் ஒழுங்கு உண்டன்றோ?

அறிவுடையீர், ஒன்றை மட்டும் காதோடு கேட்டுக்கொள்க: மணல் இருந்தது மெய்யே.

தொமித்தில்லா நடந்தாள். வாழ்த்தும் வேண்டா, கெஞ்சலும் வேண்டா. வாங்க வந்தவளாய்ப் போய், விலையைக் கேட்டு, எண்ணிக் கொடுத்துப் படகைக் கொள்வது என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு சென்றாள். சுபெசியோசாவின் வாயிலை அடைந்தபோது காற்று இன்னும் மூர்க்கமாய்க் கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கியது. அடுக்கிய சொற்கள் அனைத்தும் சிதறின. முப்பது ஆண்டுகளாய்ப் பிறர் வாயில்தோறும் பழகிய நாவோ, தலைவியைக் கேளாமலே தன் தொழிலைச் செய்தது.

"இயேசு கிறித்துவைப் போற்றுவோம்!"

"என்றென்றும், ஆமென்!" என்றாள், உள்ளே குனிந்து அடுப்பூதிக்கொண்டிருந்த சுபெசியோசா. பின்னரே திரும்பினாள்.

"அடிப் பாவி! யாருன்னு பாக்குறதுக்குள்ள வாய் பதில் சொல்லிட்டுதே!"

"என் வாயும் என்னைக் கேக்கலக்கா."

"சரி, என்ன விக்க வந்தே? மணலா?"

வேறொரு நாளாயின் ஒன்றுக்கு நான்காய்த் திருப்பியிருப்பாள். அன்றோ, ஆமென் என்ற சொல் தைத்த இடத்தில் உள்ளத்தின் கட்டு ஒன்று தானே அவிழ்ந்தது.

"கலந்தேன்க்கா. கூடைக்கு ரெண்டு கை. நீ சொன்னது பொய்யில்ல. எங்க வீட்டுக்காரரு இன்னும் கரைக்கு வரல. படகு வேணும்க்கா... பெட்ரோலுக்குப் பணம் கொண்டாந்திருக்கேன்."

"ரெண்டு கைதானா? நான் நாலுன்னுல்ல நெனச்சேன்!" என்ற சுபெசியோசா அதற்குள் இடைத்துணியை இறுக்கி வாயிலைக் கடந்திருந்தாள். படகோட்டிகள் இருவரையும் பேர்சொல்லி அதட்டி எழுப்பியவள், திரும்பிப் பாராமலே முணுமுணுத்தாள்: "நானும் கூடைக்கு ஒரு கை மணல் போடுவேன். வெளிய சொன்னே, பாதி வழியில படகைத் திருப்பிடுவேன்!"

படகு அலையேறி மறைந்தது. பாறைமேல் இருவர்க்கும் ஒரே செபமாலை. அதற்காகக் காற்று அடங்கிவிடவில்லை; மணி உருட்டியதும் பண்டம் நிறுத்துக் கொடுக்க ஆண்டவர் கடைக்காரர் அல்லர். ஆயினும் செபமாலையின் நான்காம் பத்து மணிகளை எட்டியபோது தொமித்தில்லா அலையைப் பார்ப்பதை விட்டு மணியைப் பார்த்தாள். கணவன் உளனோ இலனோ அறியாள். அறியாமலே, புயலடியில் ஆழ்நீர் அசைவற்றிருப்பதுபோல் நெஞ்சின் அடியில் ஓர் அமைதி வந்து அமர்ந்தது. அவள் அதைக் கேட்டும் இலள். விலை பேசியும் இலள்.

வெயில் ஏறியபின் படகு தோன்றியது. தொமித்தில்லா கண்ணை மூடிக்கொண்டாள். "நீயே எண்ணுக்கா."

"போனது ரெண்டு பேரு. வர்றது... ஒண்ணு... ரெண்டு..." சுபெசியோசா விரல் நீட்டி எண்ணினாள். அலையொன்று எழுந்து படகை மறைத்துத் தாழ்ந்தது.

"மூணுடி!"

இனிக் கணக்கு. பற்று: ஓடம் ஒன்று, வலை ஒன்று, விளக்கு நான்கு, இரு பெண்டிரின் செருக்கு. வரவு: குளிரில் பல் கிட்டித்த கணவன் ஒருவன், தமக்கை ஒருத்தி. வரவு பெரிதாயிருத்தலின் நேர்செய்ய வழியின்றி எஞ்சியது ஒரு நன்றி, அது மேலுள்ளவர்க்கு உரியது, கொடுத்துத் தீர்த்தவர் எவரும் இலர், நிலுவையிலேயே நிற்கின்றது.