பள்ளத்தில் தலைப்பிரட்டைகள்

1

இந்தக் கதை ஒரு டிராக்டர் டயர் போட்ட பள்ளத்தில் பிறந்தது. இதை எழுதுகிறவன்தான் அந்த டிராக்டரை ஓட்டுகிறவன். வெட்டிய மரங்களைச் சங்கிலியில் கட்டிக் காட்டுக்குள்ளிருந்து சாலைக்கு இழுத்து வருவது அவன் பிழைப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்ததே நாற்பதைத் தாண்டித்தான், அதுவும் மனைவியிடம். ஆகவே வாக்கியங்கள் கொஞ்சம் நொண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: பசுமை போர்த்திய அந்த அடர்வனத்தில், கதிரவன் நுழைய அஞ்சும்—

வேண்டாம். (அவை வெட்டுவதற்கென்றே வரிசையாக நட்டு வளர்த்த மரங்கள். கதிரவன் தாராளமாக உள்ளே வந்து போவான்.)

2

இரண்டாவது தொடக்கம்: மரம் இழுக்கும் வலியில் ஓர் ஓட்டுநர் போனான்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். 'வழி'தான் 'வலி' ஆகியிருந்தது. அவன் அந்தச் சொல்லை அடிக்கப் போனான். அவள் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தப்புதான். ஆனா இருக்கட்டும்."

யோசித்தால் சரிதான், மண்ணுக்கு அது வலிதான். டிராக்டர் போய்ப்போய் மண் கல்லாக இறுகிவிடும். தண்ணீரும் இறங்காது, வேரும் இறங்காது. அவன் வாலிபத்தில் ஓட்டிய தடங்களில் இன்றும் புல் சோனியாகத்தான் நிற்கிறது. அதனால்தான் காட்டு மேற்பார்வையாளர் மரங்களில் சிவப்பு வர்ணம் அடித்து, டிராக்டர் போக ஒரே தடம் குறித்திருக்கிறார். கெட்டது கெட்ட இடத்தோடு நிற்கட்டும் என்று.

3

கதையின் ஓட்டுநர் (எழுதுகிறவன் இல்லை, வேறொருவன்; மனைவி நம்பவில்லை) தடத்துப் பள்ளத்தில் தலைப்பிரட்டைகளைப் பார்க்கிறான். மண் இறுகியதால் தண்ணீர் தேங்கியது. தேங்கியதை நம்பித் தவளை முட்டையிட்டது. அவன் செய்த கெடுதலில் ஒருத்தி குடித்தனம் நடத்துகிறாள்.

கடைசி லோடு நாளைக்குள் சாலைக்கு வராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

முடிவு அ: தடத்திலேயே போகிறான். தலைப்பிரட்டைகள் எல்லாம்— (மனைவி அடித்துவிட்டாள்.)

முடிவு ஆ: தடத்தை விட்டிறங்கிச் சுற்றிப் போகிறான். அவை பிழைக்கும், புது மண் சாகும், அவன் பிள்ளைகளுக்கு நரைக்கும்வரை. (இதை அவனே அடித்தான்.)

முடிவு இ, மனைவியுடையது: வாளியில் அள்ளிப் பக்கத்துக் குட்டையில் விடுகிறான். அங்கே மீன்கள் இருக்கின்றன, பந்தி வைத்ததுபோல ஆகிவிடும் என்றான் எழுதுகிறவன். அப்படியானால் கால் முளைக்கும்வரை ஓட்டுநர் காத்திருக்கட்டும் என்றாள் அவள்.

"அதுக்குக் கால் முளைக்கிறதுக்குள்ள நம்ம வீட்டுல அடுப்பு அணைஞ்சிடும். வேற ஒருத்தன் வந்து அதே பள்ளத்துல ஏத்திட்டுப் போவான்."

"நம்ம வீட்டுலயா? வேற யாரோன்னு சொன்னீங்க?"

அவன் பேனா மூடியைத் தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்தான். அவள் அவன் முதுகில் செல்லமாக ஒன்று வைத்தாள்.

"நீங்க எந்தப் பக்கம் திருப்பினாலும் சாயங்காலம் வீட்டுக்குத்தான் வரணும். அதை மட்டும் எழுதிக்கோங்க."

4

எழுதிக்கொண்டான். ஆனால் அது முடிவு இல்லையே.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டான். பின்னால் மரம் கட்டியாயிற்று. முன்னால் பள்ளம். பக்கத்தில் இன்னும் மிதிபடாத மண். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்து மெல்ல

மீதியை நீங்கள் எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, டீசல் அவன் கைக்காசு.