மூன்று மாத லீவு

நமீபியாவில் ஐ.நா. அமைதிப்படையின் மலேசியப் பிரிவோடு இருந்த பாலன் எண்பத்தொன்பது செப்டம்பரில் வீடு திரும்பியபோது, மூன்று மாத லீவு என்றான். லெட்சுமிக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமானதிலிருந்து சேர்ந்தாற்போல் மூன்று வாரம்கூட அவன் வீட்டில் தங்கியதில்லை. புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்தச் சந்தோஷம் தீபாவளிவரை தாங்கவில்லை. பாலன் தார் ரோட்டை விட்டு இறங்க மறுத்தான். செம்பனைக் காட்டுக்குப் போகும் மண்பாதையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பான். பிள்ளை புல்லில் கால் வைத்தால் பாய்ந்து தூக்குவான். அவன் பிடியில் அதன் கை கன்றிப்போகும். கேட்டால், "ஒண்ணுமில்ல, களைப்புலா" என்பான்.

அவனோடு திரும்பிய சன்னாசி தஞ்சோங் காராங்கிலிருந்து பலகாரத்தோடு வந்தான்.

"எனக்கு நாளைக்குக் கேம்ப். இவன் எப்ப வர்றான் தங்கச்சி?"

"அவருக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கேண்ணே."

சன்னாசி தேநீரைக் கீழே வைத்தான். புறப்படும்போது அவளை வாசலுக்கு அழைத்துக் குரலைத் தாழ்த்தினான். "எங்களுக்குச் சேர வேண்டிய லீவு ஒரு மாசந்தான். அங்க ஒரு லோரி கண்ணிவெடியில ஏறிடுச்சு. உள்ள இருந்த ஊர்க்காரங்களப் பொறுக்கி எடுத்தது பாலன்தான். அதுக்கப்புறம் அவன் துப்பாக்கிய வாங்கி வச்சிட்டாங்க. ஜாக்கிரதை தங்கச்சி."

அன்றிரவு லெட்சுமி பாராங்கத்தியை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

அடுத்த வாரம் காலையில் காட்டுப்பக்கம் கூச்சல் கேட்டது. ஓடினாள். மண்பாதையின் குறுக்கே அவளுடைய சிவப்புப் புடவை கிழித்துக் கட்டப்பட்டிருந்தது. அதைத் தூக்கிவிட்டுச் சைக்கிளில் நுழைந்த, தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ரெங்கசாமியைப் பாலன் தள்ளிச் சாய்த்து, மேலே கவிழ்ந்து கிடந்தான். மண்டோரின் மண்டையிலிருந்து ரத்தம் வழிந்தது. ஆட்கள் கையில் அரிவாளோடு தள்ளியே நின்றார்கள்.

"வராத லெட்சுமி! கால வைக்காத!"

நின்றாள். இங்கே வெடி எதுவும் இல்லை என்று இந்த ஒரு வாரமாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்திருந்தது.

"எங்கங்க வைக்கணும்? நீங்களே சொல்லுங்க."

அவன் விரல் நீட்டிக் காட்டினான். காட்டிய இடத்தில் மட்டும் கால் பதித்துப் போனாள். பயம் அவளுக்கும் தொற்றிக்கொண்டது. தரை அசைவதுபோல் இருந்தது. கிட்டே போய் அவன் கையைப் பிடித்தாள். அது ஜில்லென்றிருந்தது. அவன் எழுந்ததும் மண்டோர் தவழ்ந்து வெளியேறினார்.

அன்று மத்தியானமே பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவனைப் பஸ் ஏற்றிக் கேம்புக்குக் கூட்டிப்போனாள். லீவு இன்னும் பாக்கி இருக்கிறதே என்றார் அதிகாரி.

"லீவு வேணாம் சார். டாக்டர் வேணும்."

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரெங்கசாமி தையல் போட்டுக்கொண்டார், போலீசுக்குப் போகவில்லை. எப்போது குணமாகும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. ஞாயிறுதோறும் லெட்சுமி சோறு கட்டிக்கொண்டு போகிறாள். பாலன் நன்றாகத்தான் பேசுகிறான், பிள்ளையைக் கேட்கிறான். அடுத்த வாரம் கூட்டிவருகிறேன் என்கிறாள். இன்னும் கூட்டிப்போகவில்லை.