விரலில் ஒரு சிவப்பு

சவப்பெட்டியில் கிடந்த அப்பாவின் விறைத்த கைகளில் செபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தான் சுகந்தன். அவருடைய ஆட்காட்டி விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரில் மணிகள் சிக்கின. உரித்தான். மஞ்சாடி விதையளவு சிவப்புச் சதை எட்டிப் பார்த்தது.

"அத மூடு தம்பி," என்றாள் அப்பாவின் தங்கை றெஜினா மாமி. "அந்தக் கான்சர்தானே என்ர அண்ணனத் திண்டது."

"நெஞ்சடைச்சல்லோ செத்தவர்? ஆர் மாமி கான்சர் எண்டு சொன்னது?"

"அவரேதான். என்ர மடியில கிடந்து அழுதவர். போற உடம்புக்கு என்னத்துக்கு எண்டு பிறெஷர் மருந்துக் குளிசையையும் எறிஞ்சுபோட்டார்."

அந்த விரலிலிருந்து சோதனைக்கு வெட்டியெடுத்த சதைத் துணுக்கை, தான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் சீவி, நுணுக்குக்காட்டியில் முதலில் பார்த்தவனே சுகந்தன்தான். மயிரிழை இரத்தக் குழாய்கள் கொத்துக் கொத்தாக நெருக்கியடித்துக் கிடந்தன. ஒவ்வொரு குழாய்க்கும் ஒற்றை வரிசையில் சாதுவான உயிர்க்கலங்கள். கொத்துகளுக்கு நடுவே நார், மேலே மெலிந்த தோல். கான்சருக்குரிய உருக்கெட்ட கலம் ஒன்றுகூட இல்லை. டொக்டரும் அதையேதான் சொன்னார். தட்டுப்பட்டால் இரத்தம் கொட்டும், ஆளைக் கொல்லாது. அவனை வீட்டைவிட்டுத் துரத்திய நாளிலிருந்து அப்பா அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால் அப்பாவிடம் சொல்லும்படி முடிவை அம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தான்.

குசினியில் அம்மா இன்பமலர் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாட்ட நீங்க சொல்லேல்லையா?"

"இல்ல." கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். "என்னவாம் எண்டு கேட்டவர். நான் முகத்தத் திருப்பிக்கொண்டன். மிச்சத்த அவரே நினைச்சிட்டார்."

"ஏனம்மா?"

அவளுடைய இடது மணிக்கட்டு கோணலாகத்தான் பொருந்தியிருந்தது. அப்பா முறித்த கை.

"கான்சர் எண்டு நினைச்ச பிறகு அவர் கை ஓங்கேல்ல, தம்பி. 'மலர், தண்ணி தாறியா' எண்டு கெஞ்சினவர். நான் ஆறுதலா, அவரக் காக்கவைச்சுத்தான் எடுத்துக்குடுத்தனான்." சிரித்தாள். பெற்ற தாயின் சிரிப்பு அவனுக்குப் பயமாக இருந்தது.

"குளிசைய எறிஞ்சது தெரியுமா?"

"நான்தானே குப்பை கூட்டுறனான்."

பாதர் வந்துவிட்டார். பெட்டி மூடும் நேரம். றெஜினா மாமி திடீரென்று அவன் சட்டையைப் பிடித்தாள். "நீ ஏன் அப்பிடிக் கேட்டனி? நீ லாப்பில வேலை செய்யிறனி, உனக்குத் தெரியும். அது கான்சர்தானே?"

கூடம் முழுவதும் அவனைப் பார்த்தது. அம்மா மட்டும் பார்க்கவில்லை.

"ஓம் மாமி," என்றான். "கான்சர்தான்."

இன்பமலர் புதுப் பிளாஸ்டர் ஒன்றைப் பிரித்தாள். குனிந்து, புருஷனின் விரலில் அதைச் சுற்றி, ஓரங்களை நன்றாக அழுத்தி ஒட்டிவிட்டாள்.