கரடிக்குக் கிடைத்த குறட்டை

அலுவலகத்தில் ஒரு முறை பிரிண்டரில் சிக்கிய தாளை உருவிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் எனக்குக் கணினி மேதை என்று பெயர். மறுத்திருக்கலாம். மனசு வரவில்லை.

அண்ணி குழந்தைகளுக்கான ஒலிக்கதைகளைப் பதிவு செய்து வெளியிடுபவர். புதுக் கதையில் ஒரு கரடிக் குடும்பம் வந்தது.

"தம்பி, அப்பா கரடி, குட்டிக் கரடி ரெண்டுக்கும் உறுமல் வேணும். பாட்டு வாசிக்கிற கீபோர்டுல தட்டினா வர்ற மாதிரி பண்ணலாமாமே? ஒரு வீடியோல காட்டினாங்க."

"அதெல்லாம் அரை மணி நேர வேலை அண்ணி."

சாம்ப்ளர் என்று ஒரு மென்பொருள் உண்டு. எந்தச் சத்தத்தைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, கீபோர்டின் ஒவ்வொரு கட்டைக்கும் ஏற்ற இறக்கமாகப் பங்கு வைக்கும். அதை அண்ணியின் ஒலிப்பதிவு மென்பொருளோடு இணைக்க வேண்டும், அவ்வளவுதான். சத்தத்துக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு அப்பா சோபாவில் சாய்ந்ததும் கைபேசியை அவர் மூக்கருகே நீட்டினேன். தனக்குக் குறட்டையே வராது என்று கல்யாணமான நாளிலிருந்து அம்மாவிடம் வாதாடி வருபவர் அவர்.

மாலையில் அண்ணியின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். இணைத்தேன். கட்டையைத் தட்டினேன். மூச்சே இல்லை. ஒயரைப் பிடுங்கி, முனையில் ஊதி, மறுபடி சொருகினேன். கணினியை அணைத்துப் போட்டேன். ம்ஹூம்.

"அந்த வீடியோல என்னமோ சேனல்னு சொன்னாங்களே தம்பி?"

"அது புதுசா கத்துக்கிறவங்களுக்கு அண்ணி," என்றேன். அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனதும் திருட்டுத்தனமாக அந்த வீடியோவைப் பார்த்தேன். கீபோர்டு முதல் சேனலில் பேசிக்கொண்டிருந்தது. சாம்ப்ளரோ இரண்டாவது சேனலுக்குக் காதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. மாற்றினேன். திரையில் பச்சைப் பட்டை துள்ளியது!

ஆனால் என் ஹெட்போனில் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஒலி குறைவு போலிருக்கிறது என்று, கண்ணில் பட்ட அத்தனை வால்யூமையும் உச்சத்துக்கு ஏற்றினேன். அடிக்கட்டையை நீளமாக அமுக்கினேன். மேல்கட்டைகளைத் தட்டினேன். கடைசியில் இரண்டு கையாலும் அள்ளி வைத்து அமுக்கினேன்.

கதவு படாரென்று திறந்தது. அப்பா நின்றார். பின்னால் அவருடைய நண்பர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்.

"டேய், ஹால்ல யாரோ தூங்குறாங்கடா! நாங்க எல்லாரும் முழிச்சுக்கிட்டுதான் இருக்கோம்!"

முந்தின நாள் பெருமையடித்துக்கொண்டு கணினியை ஹால் ஸ்பீக்கரோடு இணைத்துக் காட்டியவன் நான்தான். சத்தம் முழுக்க அங்கே போயிருக்கிறது.

அப்பாவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நான் சொன்னப்போ நம்புனீங்களா? இப்ப ஊரே கேட்டாச்சு."

நான் நாற்காலியோடு நாற்காலியாக ஒடுங்கினேன். அப்பா என்னை எழுப்பிவிட்டு அதில் உட்கார்ந்தார். ஒரு விரலால் அடிக்கட்டையை அமுக்கினார். ஹாலில் உறுமியது. தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது நான் இல்ல. ஆனா நல்லாதான் இருக்கு. எதுக்கு இது?"

"கரடிக்கு மாமா," என்றார், தண்ணீர்ச் செம்போடு திரும்பி வந்த அண்ணி.

"கரடியா? அப்ப இன்னும் கொஞ்சம் கீழ இறக்கணும். இது சளி பிடிச்ச கரடி."

ஒலியை ஹெட்போனுக்குத் திருப்பிக் கொடுத்ததோடு என் மேதைமை முடிந்தது. அண்ணி கதை படிக்க, அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு கரடிகளுக்கும் தானே வாசித்தார். யாரும் உள்ளே வந்துவிடாமல் கதவைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது.

மறுநாள் காலையில் தலைமையாசிரியர் என்னைத் தேடி வந்தார். "தம்பி, என் தும்மல் ரொம்பப் பிரசித்தம். ஏதாவது மிருகத்துக்குப் பொருந்துமா பாருங்களேன்."

கைபேசியை நீட்டினேன். தும்மல் வரவில்லை. வெயிலைப் பார்த்தால் வரும் என்றார். இருவரும் வாசலில் நின்று, கண்கள் கூச, சூரியனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.