உடன் வருபவர்

ஐரோப்பாவில் ஒரு பருவம் படிக்க மகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று கேட்டதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "தங்கற ரூம்ல ஃபிரிட்ஜ் இருக்குமா?" என்பதுதான்.

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். இருபது வயதாகி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பாடமாக எடுத்து மூன்றாம் ஆண்டுக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் உதிரவில்லை. ஒன்பது வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. மாத்திரைக்கு அடங்குகிற வகை அல்ல. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் இன்சுலின் போட்டாக வேண்டிய வகை. அந்த மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். அம்மாவின் கேள்வி அங்கிருந்து வந்தது.

அம்மா ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். ஒரு சட்டையில் ஒரு தையல் தவறியிருந்தாலும் அவள் விரல் அங்கே போய் நின்றுவிடும். மகளின் நோயையும் அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டாள். எத்தனை துண்டு ரொட்டி, எத்தனை அளவு மருந்து, கல்லூரிக்குப் போகும் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறதா, எல்லாம் அவள் கண்ணைத் தாண்டித்தான் போகும்.

"ஆறு மாசம்! கூட நான் இல்லாம! மயங்கி விழுந்தா ஏன்னு கேக்க நாதி கிடையாது. வேண்டாம், விடு," என்று சொல்லிவிட்டாள். மூன்று நாள் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. நான்காம் நாள் அப்பா எடுத்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

"புது லிஃப்ட்ல நாங்க எடுத்ததும் ஆளையா ஏத்தறோம்? மணல் மூட்டையை வச்சு மேலயும் கீழயும் ஓட்டிப் பாப்போம். பதினஞ்சு நாள் இவ ஹாஸ்டல்ல இருக்கட்டும். நீ போன் பண்ணக் கூடாது. தினம் ஒரு மெசேஜ் இவளே போடுவா. தாங்குதான்னு பாக்கலாம்."

"என் பொண்ணு உங்களுக்கு மணல் மூட்டையா?"

"அவளை எங்க சொன்னேன்? தாங்குதான்னு பாக்கப்போறது உன்னைத்தான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க எழுந்து போய் ஜன்னலைத் துடைத்தாள். பிறகு திரும்பி வந்து ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "எது நடந்தாலும் மறைக்காம சொல்லணும். நல்லதோ கெட்டதோ."

வாலு தலையாட்டினாள். ஆனால் அவளுக்குள் வேறொரு முள் குத்திக்கொண்டிருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அனுப்பிய படிவத்தில் உடல்நலப் பக்கத்தின் கடைசிக் கேள்வி இது: "உங்கள் உடல்நிலையை அறிந்த, உங்களுடன் வருபவரின் பெயர்." கட்டாயமில்லை என்று போட்டிருந்தாலும், அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு என்னவோ போலிருந்தது. உடன் வருபவள் ஒருத்திதான். வகுப்பில் எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் உயரமான பெண். மூன்று வருடமாக ஆய்வகத்தில் இருவருக்கும் ஒரே மேஜை. அவளுக்கு இந்த விஷயம் தெரியாது. கல்லூரியில் யாருக்குமே தெரியாது.

பள்ளியில் தெரிந்திருந்தது. தோழி ஒருத்தியின் வீட்டில், இவள் தண்ணீர் குடித்துவிட்டு வைத்த டம்ளரை அந்த வீட்டு அம்மா இரண்டு விரலால் தூக்கித் தனியாக வைத்தாள். பிறகு, "ஐயோ பாவம், இந்த வயசுல" என்றாள். டம்ளரைவிட அந்தப் பாவம்தான் வாலுவைச் சுட்டது. அன்றைக்கே வாயைப் பூட்டிக்கொண்டாள்.

நெட்டையின் அறைத்தோழி ஊருக்குப் போயிருந்ததால் ஹாஸ்டலில் அந்தக் கட்டிலே வாலுவுக்குக் கிடைத்தது. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு ஊசி போட்டாள். மருந்தை வார்டனிடம் "தோல் அலர்ஜிக்கு" என்று சொல்லி அவர் ஃபிரிட்ஜில் வைத்தாள். தினமும் காலையில் அம்மாவுக்குச் சர்க்கரை அளவை அனுப்பினாள். அம்மாவிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் மட்டும் திரும்பி வரும். அந்தக் கட்டைவிரலோடு நிறுத்திக்கொள்ள அம்மா பட்ட பாட்டை அப்பா பின்னால் கதைகதையாகச் சொன்னார். தினமும் நாலு தடவை போனை எடுத்து, நாலு தடவையும் அதன் திரையைத் துடைத்துவிட்டுக் கீழே வைத்தாளாம்.

ஒன்பதாம் நாள் விசா விண்ணப்பம் கொடுக்க இருவரும் போனார்கள். வாசலில் காவலாளி பை, போன், தின்பண்டம் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போகச் சொன்னார். "மருந்து ஏதாவது இருந்தா சொல்லுங்க, விடுவோம்," என்றும் சொன்னார். நெட்டை பக்கத்தில் நின்றாள். வாலு குளுக்கோஸ் பொட்டலத்தைப் பையின் அடியில் தள்ளி, பையைப் பெட்டியில் வைத்தாள். ஒரு மணி நேர வேலைதானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் மூன்றாயிற்று. கணினி நின்றுபோய், மறுபடி ஓடி, மறுபடி நின்றது. காலையில் மருந்து போட்டுக்கொண்டவள், பஸ் போய்விடுமே என்று பாதி ரொட்டியோடு ஓடி வந்திருந்தாள். அவர்கள் எண் வந்தபோது அவளுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. குளிர்சாதன அறையில் வியர்வை! என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இங்க ஒரு கையெழுத்து," என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

பேனா வாலுவின் பேச்சைக் கேட்கவில்லை. கையெழுத்து புழு நெளிந்ததுபோல வந்தது.

"பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரி இல்லையே? சரியா போடுங்க."

எழுத்துகள் மங்கின. இன்னும் கொஞ்ச நேரத்தில் வாயும் குழறும். வாலு திரும்பி நெட்டையின் கையைப் பிடித்தாள்.

"எனக்குச் சர்க்கரை நோய் இருக்குடீ. இன்சுலின் போடறேன். இப்ப சர்க்கரை இறங்கிடுச்சு. இனிப்பா ஏதாவது குடு. உடனே."

நெட்டை ஒரு நொடி விழித்தாள். அவ்வளவுதான். கவுண்டருக்குப் பின்னால் ஊழியர்களுக்கான காபி இயந்திரமும், அதன்மேல் ஒரு கிண்ணம் நிறையச் சர்க்கரைப் பொட்டலங்களும் இருந்தன. 'அனுமதி இல்லை' என்று எழுதியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு இரண்டே எட்டில் அங்கே போனாள்.

"ஏம்மா, உள்ள வரக் கூடாது!" என்று யாரோ கத்தினார்கள்.

"அப்புறமா கேஸ் போடுங்க சார், எங்கயும் ஓடிட மாட்டேன்!"

ஐந்து பொட்டலங்களை வாயால் கிழித்து, வாலுவைத் தரையில் உட்காரவைத்து, ஒவ்வொன்றாக அவள் வாயில் கொட்டினாள். கவுண்டர்ப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். காவலாளி பெட்டியைத் திறந்து பையையே கொண்டு வந்துவிட்டார். "இதுக்குத்தானேம்மா வாசல்லயே கேட்டேன்?" என்று அவர் சொன்னதில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது.

கால் மணி நேரத்தில் வாலுவின் கை நடுக்கம் நின்றது. விரலில் குத்தி அளந்து பார்த்தாள், எல்லோருக்கும் முன்னால். அளவு ஏறியிருந்தது. கவுண்டர்ப் பெண் புதுத் தாள் ஒன்றை வைத்தாள். இந்தத் தடவை கையெழுத்து அச்சாக விழுந்தது.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். 'ஐயோ பாவம்' வரப்போகிறது என்று வாலு பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நாலு நாள் முன்னாடி பாத்ரூம்ல ஒரு ஊசி கிடந்துச்சு," என்றாள் நெட்டை. "அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லைடீ. நீ போதை ஊசி போடறேன்னு நெனச்சுட்டேன்."

"என்னது?"

"சத்தியமா! வெளிநாட்டுல உன்னைப் பிடிச்சு உள்ள வச்சா என்னையும் சேர்த்துல்ல வைப்பாங்கன்னு பயந்து செத்தேன். உன்கிட்ட எப்படிப் பேச்சை ஆரம்பிக்கறதுன்னு நோட்டுல எழுதிகூட வச்சிருக்கேன். சர்க்கரைதானா? கடவுளே, வெறும் சர்க்கரைதானா!"

வாலுவுக்கு விக்கலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நெட்டை அவள் முதுகில் ஒன்று போட்டாள், கொஞ்சம் பலமாகவே. பாவம் என்ற சொல் அவள் வாயிலிருந்து கடைசிவரை வரவில்லை.

கொடுத்த வாக்குப்படி வாலு அம்மாவை அழைத்தாள். ஒன்றுவிடாமல் சொன்னாள், வாசலில் குளுக்கோஸை மறைத்ததையும் சேர்த்து. இதோடு பயணம் போச்சு என்றுதான் நினைத்தாள். மறுமுனையில் தையல் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"சர்க்கரையை வாயில போட்டது யாரு?" என்றாள் அம்மா கடைசியில்.

"நெட்டை."

"போனை அவகிட்ட குடு."

நெட்டை எழுந்து நின்றுகொண்டே பேசினாள். "ஆமாம்மா... அஞ்சு பொட்டலம்மா... இல்லம்மா, பயம் இருந்துச்சு, ஆனா கை ஆடலை... சரிம்மா, ஞாயித்துக்கிழமை வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை அம்மா நெட்டையின் கையில் ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்தாள். வாலு மயங்கி விழுந்தால் தொடையில் போட வேண்டிய அவசர ஊசியை, மருந்தில்லாத வெறும் ஊசிகளால் அந்தப் பழத்தில் போட்டுப் பழக வேண்டும். முதல் ஊசி வளைந்தது. ஏழாவது சரியாக இறங்கியது. அம்மா சட்டைத் தையலைப் பார்ப்பதுபோலப் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாஸ்," என்றாள். படிவத்தின் அந்தக் கட்டத்தில் நெட்டை தன் பெயரைத் தானே எழுதினாள். அது சின்னக் கட்டம். அவள் பெயரோ அவளைப் போலவே நீளம், ஓரத்தில் ஏறி மடங்கியது.

மூன்றாவது வாரம் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. உறையைப் பிரித்த அப்பா, விசா ஒட்டியிருந்த பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "வந்துடுச்சு வாலு, வந்துடுச்சு!" என்று மாடிப்படியிலேயே கத்தினார். மருத்துவரின் கடிதம், மருந்துச் சீட்டு, குளிர்ப்பை எல்லாம் ஏற்கெனவே தயார். மருந்தெல்லாம் கைப்பையில், பாதியை நெட்டையின் பையில் பிரித்து வைப்பது என்று முடிவாயிற்று.

அன்று மதியம் நெட்டையும் வந்துவிட, பெட்டி கட்ட உட்கார்ந்தார்கள். அம்மா ஸ்வெட்டர்களை மடித்துக்கொண்டே சுவரில் சாய்ந்தாள். பேசிக்கொண்டிருந்தவளின் குரல் பாதியில் நின்றது. இருவரும் திரும்பிப் பார்த்தபோது, மடியில் பாதி மடித்த ஸ்வெட்டரோடு, வாய் லேசாகத் திறந்து, அம்மா நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள்.

"உங்கம்மா பகல்ல தூங்குவாங்களா?" என்று நெட்டை கிசுகிசுத்தாள்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லை," என்றாள் வாலு.

அப்பா வந்து எட்டிப் பார்த்து, மின்விசிறியைக் கூட்டிவைத்துவிட்டுக் கதவை ஓசையில்லாமல் சாத்தினார். பெண்கள் இருவரும் அம்மாவைச் சுற்றிக் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பூனைபோல நடந்து பெட்டியில் அடுக்கினார்கள்.