சுவரில் ஓடிய வண்டி

ஜெயித்தவள் நான். இதை இன்னும் எத்தனை முறைதான் கத்துவது?

ராயபுரத்தில் ஒரு சங்கக் கூடம். கையடக்க கேம் கன்சோலில் கார் பந்தயம். ஜெயிப்பவர் கோயம்புத்தூர் போட்டிக்குப் போகலாம், ஒரே ஒரு இடம். அதற்காக வியாசர்பாடியில் வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு, கட்டைவிரல் காய்த்துப்போகும்வரை பழகியிருந்தேன். கடைசிச் சுற்றில் மிஞ்சியது நானும் ஜெமிமாவும்.

எங்கள் கையில் ஓடுவது வைஃபை வழியாகக் கணினிக்குப் போய், அங்கிருந்து புரொஜெக்டரில் சுவரில் பெரிதாகத் தெரியும். மேல்பாதியில் நான், கீழ்ப்பாதியில் அவள். அவளுக்கு வைஃபை பெட்டிக்குப் பக்கத்து நாற்காலி. எனக்குக் கூடத்தின் மறுகோடி, தண்ணீர் கேன் ஓரம்.

என் கன்சோலில் முதலிடம் என்று வந்துவிட்டது. சந்தோஷத்தில் எழுந்தே விட்டேன். சுவரிலோ என் வண்டி திக்கித் திணறி இன்னும் கோட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அதற்குள் கீழே ஜெமிமாவின் வண்டி கோட்டைத் தாண்டியது. கூடம் முழுக்க "ஜெமிமா! ஜெமிமா!" இங்கே கேரம் ஆடினால் பலகையைச் சுற்றி நிற்பவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு. அந்த வழக்கத்தை அப்படியே சுவருக்கும் நீட்டிவிட்டார்கள்.

போட்டியை நடத்தும் பெனிட்டோ அண்ணனைக் கூப்பிட்டேன். "கையில பாருண்ணா. நான்தான் ஃபர்ஸ்ட்டு."

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "இத்தினி பேரு செவுத்துல பாத்துகினுதானே இருந்தோம்? உங்க ஏரியா தில்லாலங்கடியெல்லாம் இங்க வேணாம் செங்கொடி."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. என் ஏரியா இவருக்கு என்ன பாவம் செய்தது? தோற்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். நான் தோற்கவே இல்லையே!

"தில்லாலங்கடியா? இரு, காட்றேன்."

அதே நாற்காலியில் உட்கார்ந்து புதிதாக ஓர் ஆட்டம் தொடங்கினேன். வேகமாக ஓட்டி, சட்டென்று பிரேக் போட்டு, கன்சோலை அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். "வண்டி நின்னுச்சா? இப்ப அங்க பாரு. அத எவன் ஓட்டிகினு கீறான்?"

சுவரில் என் வண்டி சாவகாசமாக ஓடி, அப்புறம்தான் நின்றது. கூட்டம் சிரித்தது.

பெனிட்டோ அண்ணன் தாடையைச் சொறிந்தார். "சரிம்மா, மிஷினு பேஜாரு பண்ட்ச்சு. அதுக்கு இன்னா பண்றது? எல்லாரும் ஜெமிமான்னு சொல்லிட்டாங்க. வுடேன்."

விடுவதாவது! நேரே ஜெமிமாவிடம் போனேன். இருவரும் ஒரே பந்தயத்தில் ஓடியவர்கள். அவள் கன்சோலும் முடிவைச் சொல்லியிருக்கும். அதை அவள் மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"நீ சொல்லு. உன் கையில இன்னா வந்துச்சு?"

அவள் மெல்ல அதைத் திருப்பி மேசைமேல் வைத்தாள். இரண்டாமிடம்.

பெனிட்டோ அண்ணன் என் பெயரை அறிவித்தார், யாரோ கை தட்டினார்கள். எதுவும் என் காதில் ஏறவில்லை. என்னைத் திருடி மாதிரி பேசியபோது அத்தனையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே இவள்!

"செவுத்தப் பாத்தவங்க ஏமாந்தாங்க," என்றேன். "நீ உன் கையில பாத்துகினுதானேடி கம்முனு இருந்த?"