ஆறு டியூப், ஒரு பம்பு

ஆம்ப்ரோஸ் குடும்பத்தோடு பெர்த்துக்குக் குடிபோகிறார் என்ற செய்தி தனசேகரனுக்கு மீன் பையோடு வந்து சேர்ந்தது. 1986 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது. தேக்கா சந்தைக்குப் போன அவர் மனைவி லீலா அங்கே ஆம்ப்ரோஸின் மனைவி பிலோமினம்மாளைப் பார்த்திருக்கிறாள். பிலோமினம்மாளின் அக்கா ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். அவள் எழுதிப் போட்டு எல்லாம் கூடி வந்துவிட்டது. ஜூனில் விமானம்.

"உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க," என்றாள் லீலா, மீனைத் தொட்டியில் கவிழ்த்தபடி. "அவரே சேகர் அண்ணன்கிட்ட சொல்லணும்னு இருக்காராம்."

"அப்புறம் நீ ஏன் சொன்னே?"

"வாவல் வாங்குனேன்னு சொன்னா, யாரைப் பார்த்தேன்னு கேப்பீங்க. பார்த்தேன்னா, என்ன பேசுனேன்னு கேப்பீங்க. நான் என்ன செய்ய?"

தனசேகரன் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையின் ஸ்டோர்கீப்பர். ஆம்ப்ரோஸ் அங்கேயே வெல்டிங் ஃபோர்மன். இருவருக்கும் புக்கிட் மேராவில் அடுத்தடுத்த அடுக்குமாடி புளோக்குகளில் வீடு. பதினேழு வருஷமாகக் கம்பெனி பஸ்ஸில் ஒரே இருக்கையில், போகும்போதும் வரும்போதும், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார்கள். மகள் பிறந்ததைத் தனசேகரன் மாமியாருக்கு முன்பு ஆம்ப்ரோஸுக்குத்தான் சொன்னார். சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை லீலாவுக்கே இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். ஆம்ப்ரோஸுக்கு அன்றைக்கே தெரியும்.

ஆகவே அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கேட்கப் போவதில்லை. அந்த ஒரு வார்த்தை ஆம்ப்ரோஸின் வாயிலிருந்து தானாக வரட்டும்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஆம்ப்ரோஸ் தொண்டையைக் கனைத்தார்.

"சேகர், உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்லா."

"சொல்லு."

பஸ் இரண்டு சிக்னலைத் தாண்டியது. ஆம்ப்ரோஸ் ஜன்னலைப் பார்த்தார், தன் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தார், கடைசியாகத் தனசேகரனைப் பார்த்தார்.

"நாம ரெண்டு பேரும் மலையில சைக்கிள் ஓட்டப் போவோமா?"

இப்படித்தான் அந்தத் திட்டம் பிறந்தது. பட்டறையில் வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர், தடித்த டயரும் குறுக்கே நீண்ட கைப்பிடியுமாக ஒரு மலை சைக்கிளை ஆம்ப்ரோஸிடம் விட்டுப் போயிருந்தார். ஒரு வருஷமாக அதில் பிலோமினம்மாள் துணி காயப்போட்டு வந்தாள். பெர்த் வாய்வரை வந்து திரும்பிய அந்த நொடியில் ஆம்ப்ரோஸுக்குக் கையில் கிடைத்தது அதுதான்.

பின் இருக்கையில், பட்டறையில் கிரேன் ஓட்டும் சாகுல் ஹமீது தூங்குவதுபோல் வந்துகொண்டிருந்தார். "மலையா? எந்த மலை?" என்று தலையை நீட்டினார். "புக்கிட் மேராவுல இருந்த மலையத்தான் வெட்டி மட்டமாக்கி உங்களுக்கு வீடு கட்டிக் குடுத்துட்டாங்களே. லிஃப்டுல சைக்கிள ஏத்தி மேல போயி, படியில ஓட்டிக்கிட்டு இறங்குங்க. அதான் இங்க மலை."

"எல்லை தாண்டி ஜொகூருக்குப் போறோம்லா," என்றார் ஆம்ப்ரோஸ். அதுவரை அது அவருக்கே தெரியாது.

அதன்பின் திட்டம் வளர்ந்த விதத்தைத் தனசேகரன் ஒருவரால்தான் முழுதாக ரசிக்க முடிந்தது. ஒவ்வொரு முறை ஆம்ப்ரோஸ் சொல்ல வந்து பின்வாங்கும்போதும் திட்டத்தில் ஓர் உருப்படி கூடியது. மார்ச் முதல் வாரம், "உன்கிட்ட நேராச் சொல்லிடுறேன்," என்று ஆரம்பித்தார். மழைச்சட்டை வந்து சேர்ந்தது. பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், "மனசுல ஒண்ணு கிடந்து அரிக்குது சேகர்," என்றார். இருபது கெஜம் நைலான் கயிறு வந்து சேர்ந்தது. உதிரி டியூபுகள் இரண்டில் தொடங்கி ஆறானதும் இப்படியேதான். ஆறாவது டியூபின்போது ஆம்ப்ரோஸின் கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு சைக்கிளுக்கு ஆறு டியூப் எதுக்குலா?"

"மலையில யாரு இருக்கா, குடுக்க?"

தனசேகரன் விட்டுக்கொடுக்கவில்லை. தனக்கும் ஒரு மலை சைக்கிள் வாங்கினார். ரோவல் ரோட்டில் கடை வைத்திருந்த நூர்தீன் அதன் உதிரிகளைப் பூட்டிக் கொடுத்து, வாரா வாரம் கடை இயந்திரத்திலேயே காற்றும் அடித்துவிட்டார்.

ஞாயிறுகளில் ஆம்ப்ரோஸ் பூசை முடிந்து வருவார். சிராங்கூன் ரோட்டில் அஹமது கபீரின் டீக்கடையில் உட்கார்ந்து வழித்தடத்தை வரைவார்கள். கப்பல் வரைபடத்தின் பின்பக்கத்தில், ஃபோர்மனுக்கே உரிய சுத்தத்தோடு, அளவுகோல் வைத்துக் கோடிட்டிருந்தார். கூலாய் ஸ்டேஷன், எண்ணெய்ப்பனைத் தோட்டம், ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை, அதற்கு மேல் மலை. ஏற்றம் எங்கே, இறக்கம் எங்கே, தண்ணீர் எங்கே என்று சிவப்பிலும் நீலத்திலும் குறித்திருந்தார். அவர் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

டயர் விவகாரம் மட்டும் ஐந்து வாரம் ஓடியது. தடியாக, பல் பல்லாக இருக்கும் டயர்தான் மண்ணைக் கவ்வும் என்பது ஆம்ப்ரோஸ் கட்சி. தார் ரோட்டில் அது உயிரை எடுக்கும், வழவழப்பானதே போதும் என்பது தனசேகரன் கட்சி. அஹமது கபீர் டீயை ஆற்றியபடியே கேட்டுக்கொண்டிருப்பார்.

"ஏன்பா, மலைக்கு எப்பத்தான் போறீங்க?"

"மே மாசம்."

"பார்த்து. அதுக்குள்ள டயரு பேச்சுலயே தேஞ்சுடப் போவுது."

வீட்டில் லீலா அவ்வளவு பொறுமையாக இல்லை. "நீங்களே கேட்டா என்ன குறைஞ்சு போகும்? பாவம், அந்த மனுஷன் சொல்ல முடியாம கயிறு கயிறா வாங்கிக் குவிக்கிறாரு."

"அவன் சொல்லட்டும்."

"சொல்லாமயே பிளேன் ஏறிட்டா?"

அந்தக் கேள்வி தனசேகரனையும் அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஏப்ரல் முடிவதற்குள் பட்டறையில் எல்லாருக்கும் செய்தி தெரிந்துவிட்டது. தெரியாததுபோல் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சொல்ல வேண்டியவர், மற்றவர் கேட்க வேண்டியவர்.

தங்குமிடம் ஆம்ப்ரோஸின் பொறுப்பு. ஹோட்டல் என்ற பேச்சே அவரிடம் எழவில்லை. எங்கே போனாலும் கோயில் வழியாகவே இடம் பிடிப்பது அவர்கள் குடும்ப வழக்கம். பங்குக் கோயில் அலுவலகத்தில் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்து, மலையடிவாரத்தில் ஒரு தியான இல்லத்தில் இரண்டு கட்டிலுக்குப் பதிவு செய்துவிட்டார். படிவத்தில் இருந்த சின்ன எழுத்துகளை அவர் படிக்கவில்லை. சின்ன எழுத்துகளைப் படிப்பது ஸ்டோர்கீப்பர் வேலை, ஃபோர்மன் வேலை அல்ல.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தஞ்சோங் பகாரில் ரயிலேறினார்கள். தார் ரோட்டில் தடித்த டயர் உயிரை எடுக்க, கூலாயிலிருந்து மிதித்துக்கொண்டு, பொழுது சாயும்போது இல்லத்து வாசலில் போய் இறங்கினார்கள். மெலிந்த ஒரு பிரதர் புன்னகையோடு வந்து ஆளுக்கு ஓர் அட்டையைக் கையில் கொடுத்தார். இது மௌனத் தியானம். இப்போது அடிக்கும் மணியிலிருந்து ஞாயிறு நண்பகல் மணிவரை யாரும் பேசலாகாது.

மணி அடித்தது.

தனசேகரன் ஆம்ப்ரோஸின் முகத்தைப் பார்த்தார். அதில் ஏமாற்றம் இருக்கும் என்று எதிர்பார்த்தார். மூன்று மாதமாகக் காணாத நிம்மதி அதில் இருந்தது.

அன்றிரவு இருவரும் அடுத்தடுத்த கட்டிலில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தார்கள். பேசவேண்டும் என்பதற்காகவே போடப்பட்ட பயணம்.

சனிக்கிழமை காலை பிரதர் சைக்கிள்களைப் பார்த்துக் கையால் ஆசீர்வதித்து அனுப்பினார். இல்லத்துத் தோட்டத்தைத் தாண்டியதும் தனசேகரன் வாயைத் திறக்கப் போனார். ஆம்ப்ரோஸ் உதட்டில் விரல் வைத்துத் தலையை ஆட்டினார். பூசையில் பிரசங்கம் நீண்டால் எழுந்து வெளியே போகிற மனிதர், எண்ணெய்ப்பனைகளுக்கு நடுவே திருச்சபையின் ஒழுங்கைக் காப்பாற்றினார். தனசேகரன், தன் பங்குக்கு, ஓர் இந்துவால் முடிந்த மட்டும் கீழ்ப்படிந்தார்.

முந்தின இரவு மழை பெய்திருந்தது. செம்மண் பாதையில் ஐந்து வார விவாதம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. பல் டயர் மண்ணை நன்றாகவே கவ்வியது. கவ்வியதை விடவில்லை. சக்கரம் சுற்றாமல் நின்றது. வழவழப்பான டயர் சுற்றியது, ஆனால் இருந்த இடத்திலேயே சுற்றியது. குச்சியால் மண்ணைக் குத்திக் குத்தி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறினார்கள். உச்சி தெரிந்தது, அவ்வளவுதான். மதியத்தில் திரும்பி இறங்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஆம்ப்ரோஸின் முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கி உஸ்ஸென்றது.

ஆம்ப்ரோஸ் உற்சாகமாகிவிட்டார். திட்டத்தில் வேலை செய்யப்போகும் முதல் உருப்படி இதுதான். சக்கரத்தைக் கழற்றி, புது டியூபை மாட்டி, கையை நீட்டினார். தனசேகரன் பம்பைக் கொடுத்தார். அது அவர் வீட்டுச் சமையலறை அலமாரியில் பதினைந்து வருஷம் இருந்த பம்பு.

பம்பின் வாய் சாதாரண சைக்கிளுக்கானது. மலை சைக்கிளின் வால்வு கார் டயர் வால்வுபோல் தடித்தது. ஒன்றோடொன்று சேரவில்லை. ஆம்ப்ரோஸ் திருகினார், அழுத்தினார், கைக்குட்டையைச் சுற்றிப் பார்த்தார். ஆறு டியூபின் வாயையும் வரிசையாகச் சோதித்தார். எல்லாம் தடித்த வாய். பம்பைத் தூக்கி மண்ணில் எறிந்தார்.

"டேய் ஸ்டோர்கீப்பர்!" மலையில் இருந்த பறவைகள் எல்லாம் எழும்பின. "ஆறு டியூப் செக் பண்ணே, கயித்த செக் பண்ணே, பம்ப செக் பண்ணலியாடா? பட்டறையில இப்படித்தான் சாமான் குடுக்கிறியா? நான் போனப்புறம் உன்னை வச்சுக்கிட்டு எவன்டா—"

நிறுத்தினார். ஆனால் வெளியே வந்துவிட்டது.

தனசேகரன் மெதுவாகக் கேட்டார். "எங்க போறே?"

ஆம்ப்ரோஸ் கையில் ஒட்டிய மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பெர்த்துக்கு."

"எப்போ?"

"ஜூன் பன்னெண்டு."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். இனிமே வர மாட்டோம் சேகர். நானே உன்கிட்ட சொல்லணும்னு..." குனிந்து பம்பை எடுத்து மண்ணைத் துடைத்தார்.

"தெரியும்லா."

"எது தெரியும்?"

"பிப்ரவரியிலேயே தெரியும். லீலா வாவல் வாங்கிட்டு வந்த அன்னைக்கே."

ஆம்ப்ரோஸுக்கு வந்தது கோபம். "அடப்பாவி! தெரிஞ்சுக்கிட்டே என்னைய இந்த மலை வரைக்கும் தள்ள வச்சியா? இருபது கெஜம் கயிறுடா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்தச் சைக்கிள்ல துணி காயப்போட்டுக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன்லா!"

"நீ சொல்லியிருக்கலாம்."

"நீ கேட்டிருக்கலாம்!"

இருவரும் சேற்றில் உட்கார்ந்து சிரித்தார்கள். ஆம்ப்ரோஸ் சிரித்து முடித்து அழுதார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, அளவுகோல் வைத்து வரைந்த பாதை முழுவதையும் நடந்தே இறங்கினார்கள். மூன்று மணி நேரம். பெர்த்தில் என்ன வேலை, பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி, பஸ்ஸில் ஜன்னலோரம் இனி யாருக்கு என்று ஓயாமல் பேசினார்கள். இல்லத்து வாசல் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஞாயிறு நண்பகல் மணி அடித்ததும் பிரதர் அவர்கள் இருவரின் முகத்தையும் பார்த்துப் பூரித்துப்போனார். "மௌனம் உங்களுக்கு நல்லாப் பலன் குடுத்திருக்கு," என்றார்.

ஆம்ப்ரோஸ் ஜூன் பன்னிரண்டாம் தேதி விமானம் ஏறினார். மாதம் ஒரு கடிதம் வந்தது, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. 1989 ஆகஸ்டில் ஒரு காலை ஃபோன் அடித்தது. லீலாதான் எடுத்தாள். ஆம்ப்ரோஸ் தூக்கத்திலேயே போய்விட்டாராம். இந்தச் செய்தியும் தனசேகரனுக்கு லீலா வாயிலாகத்தான் வந்தது. இந்த முறை ஆம்ப்ரோஸைக் குறைசொல்ல வழியில்லை.

ஒரு மாதம் கழித்துப் பிலோமினம்மாளின் கடிதம் வந்தது. அடக்கப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவர்களிடம் மகன் அந்த மலைக் கதையைச் சொன்னானாம். ஆம்ப்ரோஸ் அங்கே எல்லாரிடமும் அதைச் சொல்லி வைத்திருந்தாராம். தன் வாயைத் திறக்க வைக்கவே சேகர் வேண்டுமென்று தப்பான பம்பைக் கொண்டுவந்தான், அப்படி ஒரு மூளை யாருக்கு வரும் என்பாராம். உண்மைதானா அண்ணே என்று கேட்டிருந்தாள்.

தனசேகரன் எழுந்து போய் அலமாரியில் இருந்த பம்பைப் பார்த்தார். ஸ்டோரில் இருபது வருஷத்தில் அவர் ஒரு சாமானையும் மாற்றிக் கொடுத்ததில்லை. அந்த ஒரு முறை மட்டும், ஆறு டியூபின் வாயையும் பார்த்துவிட்டு, பம்பின் வாயைப் பார்க்க மறந்துபோனார். வேறொன்றும் இல்லை.

வந்து உட்கார்ந்து எழுதினார். "ஆமாம்மா. வேண்டுமென்றேதான் எடுத்துப் போனேன்."

தோளுக்குப் பின்னால் நின்று லீலா அதைப் படித்தாள்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும், பம்ப பார்க்காம போயிட்டேனேன்னு தலையில அடிச்சுக்கிட்டீங்களே?"

தனசேகரன் உறையை நாக்கில் ஈரப்படுத்தி ஒட்டினார்.